பதினெட்டுக் கிலோவில் ஒரு சத்தம்

ஏப்ரல் 15

தடைக்காலம் தொடங்கிவிட்டது. இன்றிலிருந்து அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீனுக்கு ஓய்வு, மீன் பிடிக்கிறவனுக்கு ஓய்வு, எனக்கு மட்டும் மூச்சு விட நேரமில்லை. தூத்துக்குடியில் உள்ள படகு எஞ்சின்களையெல்லாம் இப்போதுதான் திறப்பார்கள்.

வழக்கம்போலப் புது நோட்டு வாங்கிவிட்டேன். எந்த எஞ்சின், என்ன மாற்றினேன், எந்த போல்ட்டுக்கு எத்தனை கிலோ இறுக்கம் என்று ஒவ்வொரு வருடமும் எழுதி வைப்பேன். அப்படியே மனதில் கிடப்பதையும் எழுதிவிடுவேன். “எஞ்சினுக்கு ஜாதகம் எழுத ஆரம்பிச்சாச்சா?” என்றாள் பிரகாசி. என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் என் மனைவிக்குச் சோறு இறங்காது.

இந்த வருடம் பெரிய வேலை கஸ்பாருடைய படகு. ஆறு சிலிண்டர் டீசல், முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டும். படகின் டிரைவர் தொம்மை, பிரகாசியின் தம்பி. ஒருமுறை அந்தப் படகு துறைமுகத்துக்குள் நுழையும்போதே, அஞ்சாவது சிலிண்டர் சரியில்லை என்று கரையில் நின்றபடி சொல்லிவிட்டேன். கஸ்பார் இன்னும் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இங்கே எனக்குக் ‘காது மேஸ்திரி’ என்றுதான் பெயர். இஞ்ஞாசி என்ற பெயர் பங்குச் சாமியாருக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏப்ரல் 24

எஞ்சினை ஷெட்டுக்குத் தூக்கி வந்து பிரித்தாயிற்று. கிராங்க் ஷாப்டை லேத்துக்கு அனுப்பினோம்.

இறுக்கத்தை அளந்து காட்டும் என் டார்க் ரென்ச் போய்விட்டது. இருபது வருடம் என்னோடு இருந்தது. பக்கத்துப் படகுக்காரன் இரவல் வாங்கி, திருப்பித் தரும்போது படகுக்கும் படித்துறைக்கும் நடுவில் நழுவ விட்டுவிட்டான். மன்னிப்புக் கேட்டான். மன்னிப்பை வைத்து போல்ட் முடுக்க முடியுமா?

அது முள் வைத்த ரென்ச். போல்ட்டை இழுக்க இழுக்க முள் நகரும், பதினெட்டு வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். குறைத்து முடுக்கினால் போல்ட் கழன்று வரும். கூட்டி முடுக்கினால் இரும்பு இழுபட்டு நீண்டு, வெளியே ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்து, ஒருநாள் நடுக்கடலில் அறுந்துபோகும். குறைவைவிடக் கூடுதல்தான் மோசம். அது ஆளை ஏமாற்றும்.

கஸ்பார் என்னை உதிரிப்பாகக் கடை செண்பகராஜிடம் கூட்டிப் போய்ப் புது ரென்ச் வாங்கிக் கொடுத்தார். இதில் முள் இல்லை. கைப்பிடியைத் திருகி எண்ணை வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுக்குமாம். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

“ஒங்க காதுக்கு இதுதாம்ணே பொருத்தம்” என்றார் செண்பகராஜ். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மே 1

குக்கரில் பருப்பு கருகிவிட்டது. மூணு விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டுப் பிரகாசி தண்ணீர் பிடிக்கப் போனாளாம். நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஒரு விசிலும் வரவில்லை. விசில் தேய்ந்துபோயிருக்கும். நாளைக்குப் புதிதாக வாங்கிப் போட வேண்டும். அவள் கத்துவாள் என்று பார்த்தேன், பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கப் போய்விட்டாள்.

மே 9

கிராங்க் வந்துவிட்டது. ஏற்றி உட்கார வைத்து, அதைப் பிடிக்கும் மூடிகளை முடுக்கினோம். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரேயடியாக முடுக்காமல் மூன்று சுற்று. நான் இழுப்பேன், முடிந்த போல்ட்டின் தலையில் தொம்மை வெள்ளை பெயின்டால் ஒரு பொட்டு வைப்பான். பொட்டு வைத்த போல்ட்டை அப்புறம் யாரும் தொடக் கூடாது.

புது ரென்ச் சரியான சோம்பேறி. உயிரைக் கொடுத்து இழுத்தாலும் சீக்கிரத்தில் சத்தம் கொடுக்காது. நடுவில் கைப்பிடி லேசாகத் துள்ளுகிறது. போல்ட் இன்னும் ஏறுகிறது என்று அர்த்தம். ஏறுகிறவரைக்கும் இழுக்கத்தானே வேண்டும். முழு பலத்தையும் போட்டு இழுத்த பிறகு நானாக நிறுத்திக்கொள்கிறேன். ஷெட்டுக்கு வெளியே இருபது படகில் துரு தட்டுகிறார்கள், அந்தக் கூப்பாட்டில் யாருக்கு என்ன கேட்கும்?

“அத்தான், எதுக்கு ரெண்டு மட்டம் வைக்கிய?” என்று தொம்மை கேட்டான்.

அவன் எதைச் சொல்கிறான் என்று விளங்கவில்லை. “இருக்கட்டும்ல” என்றேன். அத்தான் சொன்னால் காரணம் இருக்கும் என்று பொட்டு வைத்துவிட்டான்.

மே 12

ஆறு பிஸ்டனும் உள்ளே. பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கும் கனெக்டிங் ராடுக்குப் போல்ட் பன்னிரண்டு, பதினெட்டுக் கிலோ. ஒரே மத்தியானத்தில் முடித்தேன். தோள் விட்டுப்போகிறது.

மே 18

ஞாயிறு பூசை. கோயிலில் இன்றைக்கும் மைக் சரியில்லை. பிரசங்கம் முழுவதும் தகர டப்பாவுக்குள் வண்டு போலத்தான் இருந்தது. வெளியே வந்து தொம்மையிடம் சொன்னேன். “நல்லாத்தான இருந்துச்சு” என்றான். அவன் எப்போதும் சாமியார் கட்சி.

மே 20

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் போல்ட்டுகளை முடுக்கும்போது ஒன்று என் கையிலேயே அறுந்துவிட்டது. மூன்றாவது சுற்று. முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே பின்னால் போய் மல்லாந்து விழுந்தேன். கஸ்பார் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“என்னவே ஆச்சு?”

“போல்ட் சரியில்ல. மட்ட சரக்கு” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. விழுந்தவனுக்கு எழுந்திருக்கும்போது ஒரு பேச்சு வேண்டுமே, அதுதான் வாயில் வந்தது. கஸ்பார் அறுந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் செண்பகராஜ் கடைக்குப் போய்விட்டார்.

மே 22

செண்பகராஜ் போலி போல்ட் விற்கிறார் என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. மூன்று படகுக்காரர்கள் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இருபத்தொன்பதாம் தேதி ஏலக்கூடத்தில் கூட்டம். இனி அவர் கடையில் யாரும் வாங்கக் கூடாது என்று முடிவெடுக்கப் போகிறார்கள்.

மத்தியானம் செண்பகராஜே ஷெட்டுக்கு வந்தார். கையில் அதே பெட்டியிலிருந்து எடுத்த நாலு போல்ட். ஒவ்வொன்றாக வைஸ் இடுக்கியில் பிடித்து, என் ரென்ச்சை வாங்கி என் கண் முன்னால் முடுக்கிக் காட்டினார். நாலு தடவையும் அவர் கை தானாக நின்றது. ஒன்றும் அறவில்லை.

“டக்குன்னு நிக்கி. கேட்டுச்சாண்ணே?”

“கேட்டுச்சு” என்றேன்.

மே 23

எழுத ஒன்றுமில்லை. வேலைக்குப் போகவில்லை.

மே 25

இன்று ஞாயிறு, ஷெட்டில் யாருமில்லை, வெளியே ஒரு சுத்தியல் சத்தமும் இல்லை. நான் தனியாகப் போனேன். ஒரு பழைய போல்ட்டை வைஸில் பிடித்து, ரென்ச்சைப் பதினெட்டில் வைத்து, காதைக் கிட்டே கொண்டுபோய் இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன், கைப்பிடி துள்ளியது. செண்பகராஜின் கை நின்ற இடம் அதுதான். நான் அதைத் தாண்டி இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். தொம்மை ‘ரெண்டு மட்டம்’, இரண்டு தடவை எதற்கு என்று கேட்டது இதைத்தான். ஒருமுறை சத்தம் வந்தும் விடாமல், இரண்டாவது சத்தமும் வரும்வரை இழுத்திருக்கிறேன்.

சங்கிலிக் கப்பியால் எஞ்சினைப் புரட்டிப் போட்டு அடித்தட்டைக் கழற்றினேன். ராடு போல்ட்டுகள் தலையில் வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டு அழகாக இருந்தன. நாலாவது சிலிண்டரில் ஒன்றைக் கழற்றிப் புது போல்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நகக்கண் அளவு உயரம் கூடியிருந்தது. நட்டை விரலால் சுற்றிப் பார்த்தேன். நல்ல போல்ட்டில் நட்டு தானாக அடிவரைக்கும் ஓடும். இதில் பாதியில் சிக்கி நின்றது. இரும்பு இழுபட்டுவிட்டது.

பன்னிரண்டையும் பார்த்தேன். ஒன்பது போயிருந்தது.

இது ஓடும். கரையில் வைத்து ஓட்டினால் ஜம்மென்று ஓடும். பத்து நாளோ இருபது நாளோ கழித்து, கடலில் வலையை இழுக்கும்போது ஒன்று அறும். ராடு எஞ்சினின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். எஞ்சின் அறையில் நிற்பவன் தொம்மை. மேலே ஏழு பேர். என் மச்சினனை என் கையாலேயே கொல்லப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மே 26

யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். போல்ட் வாங்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு உரிய ராடு போல்ட் ஊரில் ஒரே கடையில்தான் உண்டு.

“ஏங்கடை போல்ட்டு மட்டம்னு சொன்னவரு எங்கிட்டயே வாங்க வந்திருக்கிய” என்றார் செண்பகராஜ். கடையில் வேறு ஆளே இல்லை. தடைக்காலத்தில் அந்தக் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. பன்னிரண்டையும் எண்ணித் தாளில் சுற்றினார். குனிந்து நூல் கட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். முகம் தெரியாததால் எனக்கு விளங்கவில்லை. என்ன என்று கேட்கும் தைரியமும் இல்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திருடன் மாதிரி வந்துவிட்டேன்.

மே 27

போல்ட் இருக்கிறது. முடுக்குவது யார் காதை வைத்து? பிரகாசியிடம் சொல்லிவிட்டேன். ஆட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் ஷெட்டுக்கு வா, நான் இழுக்கும்போது டக்கென்று கேட்டதும் என் முதுகில் தட்டு, வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். எனக்குக் காது கேட்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“எனக்கு மூணு வருசமாத் தெரியும். பொறத்தால நின்னு கூப்புட்டா நீங்க திரும்புதது இல்ல. அதனாலதான் எது சொன்னாலும் ஒங்க மொகத்துக்கு நேர வந்து நின்னு சொல்லுதேன்.”

வயதாக ஆக இவளுக்கு நம் மேல் பிரியம் கூடுகிறது என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் சொன்னேன். சிரித்தாள், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்ல? காது மேஸ்திரி, காது மேஸ்திரின்னு ஊரே கூப்புடுது. நீங்களும் அதுலயே நடந்துக்கிட்டு இருந்திய.”

ஆனால் ஷெட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். “போறது எந்தம்பி. திருட்டுத்தனமா வந்து முதுகுல தட்ட என்னால முடியாது. அந்த அண்ணாச்சி கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்காரு, அது யாரால? நீங்க சொன்னாத்தான் நான் வருவேன்.”

“சொன்னா அப்புறம் எவன் எனக்கு எஞ்சின் தருவான்?”

“தராட்டா போறான்.”

அவளுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். முப்பத்தொரு வருடம் நான் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

மே 29

ஏலக்கூடத்தில் அறுபது எழுபது பேர். செண்பகராஜ் ஓரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். கஸ்பார் அறுந்த போல்ட்டை உயர்த்திக் காட்டிப் பேசினார். அவர் உட்காரும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

“போல்ட்ல குத்தமில்ல. நான்தான் கூட முடுக்கிட்டேன். அந்த ரென்ச்சுச் சத்தம் எனக்குக் கேக்கல. எனக்குக் காது போச்சு.”

குரல் என்னை அறியாமல் பெரிதாக வந்திருக்க வேண்டும். கூடத்துக்கு வெளியே மீன் கூடை பின்னிக்கொண்டிருந்த பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ராடு போல்ட் ஒன்பது இழுபட்டிருக்கிறது என்பதையும் சொன்னேன். பொய் சொன்னதற்குச் செண்பகராஜைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கஸ்பார் என் கிட்டே வந்தார். அவர் வாயைப் பார்த்தால்தான் பாதி வார்த்தை எனக்குப் பிடிபடுகிறது என்று இப்போது தெரிந்துவிட்டதால், பார்வையை எடுக்காமல் நின்றேன்.

“எட்டு உசுரு வே. அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“அன்னைக்கு எனக்கே தெரியல. தெரிஞ்ச பொறவு பயந்துட்டேன். சொன்னா எஞ்சின் தர மாட்டியன்னு.”

“இப்ப மட்டும் தருவாவளா?”

வீட்டுக்கு நடந்து வந்தேன். தொம்மை கூடவே வந்தான்.

மே 30

ஷெட்டில் இருந்த மற்ற இரண்டு எஞ்சினையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு எடுத்தான், ஒருவன் நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து எடுத்தான். குற்றம் சொல்ல மாட்டேன். என் படகாக இருந்தால் நானும் எடுத்திருப்பேன். ஆனாலும் அவை இருந்த காலி இடத்தைப் பார்க்க அழுகை வந்தது. அழுதேன்.

ஜூன் 2

கஸ்பார் வந்தார். மூன்று நாளாக ஆளே கண்ணில் படவில்லை. எஞ்சினைத் தூக்கத்தான் வந்திருக்கிறார் என்று சங்கிலியை எடுத்து வைத்தேன்.

“கோவம் இன்னும் போகல” என்றார், நேருக்கு நேர் நின்று, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்தி. “ஆனா தப்ப மறைக்கிற மெக்கானிக்க நான் நெறையப் பாத்துட்டேன். சொல்லுதவன இப்பதான் பாக்கேன். நீரே போடும். தொம்மைய வச்சுக்கிட்டு போடும்.”

போகும்போது திரும்பி வந்து, “ஒரு போல்ட் விடாம மாத்தணும்” என்றார். செண்பகராஜ் கடையிலிருந்து ஏற்கெனவே எல்லாம் வந்துகொண்டிருந்தது. சரக்கோடு வந்த செண்பகராஜிடம் மன்னிப்பைப் பற்றிப் பேச்செடுத்தேன். “அதெல்லாம் மெதுவாப் பாப்போம்ணே, மொதல்ல சரக்க எண்ணிக்கிடுங்க” என்றார். நியாயம்தான்.

ஜூன் 4

மறுபடி முதலிலிருந்து. கிராங்க் மூடிகள், ராடுகள், ஹெட். நான் இழுக்க, சத்தம் வந்ததும் தொம்மை என் முதுகில் தட்ட வேண்டும். முதல் இரண்டு தட்டு மேளம் அடிப்பது போல விழுந்தது. “ஏல, போல்ட்டுக்குத்தான் பதினெட்டுக் கிலோ, எனக்கில்ல” என்றேன். அதற்குப் பிறகு பக்குவம் வந்துவிட்டது.

பதினெட்டுக் கிலோ எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது! இழுக்கத் தொடங்கியதும் முதுகில் தட்டு. இன்னும் பாதி பலம் கையிலேயே இருக்கிறது. அன்றைக்கு நான் எத்தனை தூரம் தாண்டிப் போயிருக்கிறேன் என்று ஒவ்வொரு போல்ட்டிலும் திரும்பத் திரும்பத் தெரிந்தது. இரண்டு நாள் வேலை இது. பிரகாசி மத்தியானச் சோற்றோடு வந்து, சிறிது நேரம் தம்பியை நகரச் சொல்லிவிட்டு அவளே தட்டினாள். அவள் தட்டு கொஞ்சம் பலம்தான். பழைய பாக்கி ஏதாவது இருக்கும்.

ஜூன் 7

பெரியாஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். தடித்த சத்தம் கேட்கிறதாம். மெல்லிய, கூர்மையான சத்தம் போய்விட்டது. திரும்ப வராது. எஞ்சின் பக்கத்திலேயே நின்றதால் வந்தது என்றார் டாக்டர். மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியுமாம். அதற்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஜூன் 12

எஞ்சினைப் படகில் இறக்கி, முதல் ஓட்டம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் கிளம்பியதும் யாரும் பேசக் கூடாது. மெக்கானிக் கேட்டுவிட்டுத் தலையை அசைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முதலாளி மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார்.

தொம்மை கிளப்பினான். தடதடப்பு வயிற்றில் தெரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பழக்கம், அவர்கள் என்ன செய்வார்கள்? தலையை அசைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருடமாக அசைத்த தலைதானே.

“ஏல தொம்மை, எனக்கு அடிச்சத்தம் மட்டுந்தான் வருது. மெல்லிசா ஏதாவது இருக்கா, நீ கேட்டுச் சொல்லு” என்றேன். ஒரு எஞ்சினின் சத்தம் எப்படி என்று இன்னொருவனிடம் நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவன் மிரண்டுவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு அங்கே இங்கே குனிந்தான். “நாலாவது கிட்ட லேசா டிக் டிக்னு ஒண்ணு இருக்கு அத்தான்” என்றான். நிறுத்தச் சொல்லிவிட்டு, மேல் மூடியைத் திறந்து வால்வு இடைவெளியை அளந்தேன். நாலாவதில் கூடுதலாகத்தான் இருந்தது. சரிசெய்து மறுபடி கிளப்பினோம்.

“இப்ப?”

“இப்ப இல்ல.”

நான் தலையை அசைத்தேன். கஸ்பார் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

ஜூன் 15

காலை ஐந்து மணிக்கு எல்லாப் படகும் கிளம்பின. கஸ்பார் படகும் போனது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன், எழுந்தேன், ஷெட்டைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன். கஞ்சி இறங்கவில்லை. பிரகாசிக்கும் இறங்கவில்லை என்று அவள் தட்டைப் பார்த்தால் தெரிந்தது.

நல்ல மீன்பாடு கிடைத்ததால் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டார்கள். படித்துறையில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினேன். எட்டுப் பேரும் இறங்கினார்கள்.

தொம்மை குளிக்கக்கூடப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான். காலையில் கிளப்பும்போது எஞ்சின் எப்படி இருந்தது, வேகம் கூட்டியபோது எப்படி, வலை கனத்தபோது எப்படி, திரும்பி வரும்போது எப்படி என்று ஒன்று விடாமல், வாயாலேயே அந்தச் சத்தத்தையெல்லாம் போட்டுக் காட்டிச் சொன்னான். பிரகாசி சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள் போலிருக்கிறது. நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.